க்ளீட் மாட்டியும் வழுக்குகிறதா? எங்கே கோளாறு என்று பார்ப்போம்

குளிர்காலத்தில் ஓடவோ நடக்கவோ கிளம்பும்போது ஷூவுக்கு மேல் இழுத்து மாட்டிக்கொள்கிறோமே, ரப்பர் பட்டையும் கம்பியும் ஆணியுமாக ஒன்று, அதைச் சிலர் ஸ்பைக் என்கிறார்கள், சிலர் கிரிப் என்கிறார்கள். நான் க்ளீட் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். வாங்கிய முதல் வாரத்திலேயே "இது சரிப்படாது" என்று பரணில் ஏறிவிடும் பொருட்களில் இதுவும் ஒன்று. மாட்டிக்கொண்டும் வழுக்கி விழுந்த கோபத்தில் நானும் ஒரு ஜோடியை அப்படி ஏற்றியவன்தான். அடுத்தடுத்த குளிர்காலங்களில் தொடவே இல்லை. பிறகு ஒரு நாள், நன்றாக மிதிபட்டு இறுகிய பனிப்பாதை ஒன்றில் வேறு வழியில்லாமல் அதையே மாட்டிக்கொண்டு போனேன். அப்படியொரு பிடிப்பு! முன்பு விழுந்தது கண்ணாடிபோல் உறைந்த நடைபாதையில். க்ளீட் அன்றும் அதேதான், தரைதான் வேறு.

அதனால் உங்கள் தொந்தரவு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். அதற்கு முன் ஒரே ஒரு வேலை.

முதலில் க்ளீட்டைத் திருப்பிப் பாருங்கள்

தரையைத் தொடும் பக்கத்தில் என்ன இருக்கிறது? ரப்பர் வலையின்மேல் ஸ்பிரிங்போல் எஃகுக் கம்பி சுற்றியிருந்தால் அது சுருள்கம்பி வகை. யாக்ட்ராக்ஸ் என்ற நிறுவனப் பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருவது இதுதான். ரப்பர் பட்டையில் சில மில்லிமீட்டர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சின்ன முனைகள் இருந்தால் குட்டை ஆணி வகை. நல்ல ஜோடிகளில் அந்த முனை டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளால் ஆனதாக இருக்கும். கஹ்டூலா நிறுவனத்தின் நானோஸ்பைக்ஸ் இந்த ரகம். சங்கிலியோடு கோத்த, கிட்டத்தட்ட 1 சென்டிமீட்டர் நீள முட்கள் இருந்தால் சங்கிலி முள் வகை. அதே நிறுவனத்தின் மைக்ரோஸ்பைக்ஸில் ஒரு காலுக்கு 12 முட்கள்.

மலையேறிகள் கனமான பூட்ஸில் பூட்டும் கிராம்பான் வேறு சங்கதி. அதை ஓடும் ஷூவில் மாட்டப் பார்க்காதீர்கள்.

மாட்டியிருக்கிறேன், ஆனாலும் ஐஸில் வழுக்குகிறது

வருகிற புகார்களில் பெரும்பாலானவை இதுதான். உடனே புதிதாக வாங்கக் கிளம்ப வேண்டாம். ஒரு கையால் கைப்பிடியையோ கம்பத்தையோ பிடித்துக்கொண்டு ஐஸ் மேல் நில்லுங்கள். உடல் எடையை ஒரு காலில் கொடுத்து அந்தக் காலைப் பின்னால் இழுங்கள். பிறகு குனிந்து பாருங்கள். ஐஸில் வெள்ளை வெள்ளையாகக் கீறல் விழுந்திருந்தால் முனை கடிக்கிறது என்று அர்த்தம். கீறல் இல்லையென்றால் க்ளீட் ஐஸ் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

கீறல் விழாததற்குக் காரணங்கள் சில உண்டு. உங்களுடையது சுருள்கம்பி என்றால் பெரும்பாலும் வகையே காரணம். சுருளின் மேற்பரப்பு உருண்டையானது. மிதிபட்ட பனியில் அது அழுந்தி இறங்கும், சுருளின் ஒவ்வொரு வளையமும் ஒரு சின்ன வரப்பாக நின்று காலைத் தடுக்கும். ஐஸ் கெட்டியாகிவிட்டால் அழுந்த இடமில்லை. கம்பி அதன்மேல் உருண்டோ சறுக்கியோ போய்விடுகிறது. இதைச் சரிசெய்ய முடியாது. ஐஸ்தான் உங்கள் பாதையில் அதிகம் என்றால் ஆணி வகைக்கு மாறுங்கள். சுருளோடு சில ஆணிகளையும் சேர்த்து, ஓடுபவர்களுக்கென்று வரும் கலப்பு ரகம் நடுவாந்திரமான தேர்வு.

உங்களுடையது ஆணி வகையாக இருந்தும் கீறல் விழவில்லையா? முனையைத் தடவிப் பாருங்கள். கூம்பாகவோ கூரான விளிம்போடோ இருந்தது இப்போது பட்டன்போல் உருண்டிருந்தால் ஆயுள் முடிந்துவிட்டது. சாதாரண எஃகு முனை வெறும் தார்ச்சாலையில் சீக்கிரம் தேய்ந்துவிடும். டங்ஸ்டன் கார்பைடு, கடினத்தன்மையை 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் ஏறக்குறைய 9, அதனால்தான் நீடிக்கிறது. கடையில் "எஃகு ஆணி" என்று மட்டும் எழுதியிருந்தால் நான் எடுப்பதில்லை.

அடுத்தது, ஐஸுக்கு மேல் புதுப்பனி. மூன்று நான்கு சென்டிமீட்டர் பொலபொலவென்ற பனி மேலே கிடக்கிறது, உங்கள் ஆணியின் நீளமோ சில மில்லிமீட்டர். ஆணி ஐஸைத் தொடவே இல்லை. இந்த நிலைமையில் சங்கிலி முள்தான் உதவும். அதுவும் பனி ஆழமாகிவிட்டால் எந்த க்ளீட்டும் பெரிதாக உதவாது. அங்கே ஷூவின் அடிப்பாகத்தில் உள்ள ஆழமான ரப்பர் பற்கள்தான் வேலை செய்யும். பாதி உருகிய சேற்றுப்பனியிலும் அதே கதைதான்.

கடைசியாக வெப்பநிலை. கடுங்குளிரில் ஐஸ் கொஞ்சம் சொரசொரப்பாகவே நடந்துகொள்ளும். 0 டிகிரியை ஒட்டி, மேலே ஒரு நீர்ப்படலம் பளபளக்கும்போதுதான் ஆபத்து. நேற்று மைனஸ் 15-ல் அருமையாகப் பிடித்த க்ளீட் இன்று மழைத்தூறலில் காலை வாரினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. டொரன்டோவில் வின்டர்லேப் என்ற ஆய்வுக்கூடம் இருக்கிறது. குளிர் அறையில் ஐஸ் தரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, அதில் மனிதர்களையே நடக்கவிட்டு, வழுக்காமல் ஏறி இறங்க முடிகிற அதிகபட்சக் கோணத்தை அளக்கிறார்கள். வெறும் ஐஸிலும் ஈரமான ஐஸிலும் 7 டிகிரி சாய்வைத் தாண்டினால்தான் குறைந்தபட்சத் தேர்ச்சி. 2016-ல் அவர்கள் வெளியிட்ட முடிவில், குளிர்காலத்துக்கென்றே விற்கப்பட்ட 98 காலணிகளில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. "நல்ல வின்டர் ஷூ இருக்கே, க்ளீட் எதற்கு?" என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்.

குதிகால் வைக்கும்போது மட்டும் சறுக்குகிறது

திருப்பிப் பார்த்தால் குதிகால் பகுதியில் ஒன்றுமே இருக்காது, அல்லது இரண்டே ஆணிகள் இருக்கும். ஓட்டக்காரர்களுக்கான சில ஜோடிகளிலும், விலை மலிவான ஜோடிகள் பலவற்றிலும் பிடிப்பு முழுக்க முன்பாதத்தில்தான்.

நடக்கிறவருக்கு இது தவறான பொருள். நடக்கும்போது முதலில் தரையைத் தொடுவது குதிகால். அந்த நொடியில் வழுக்கினால் கால் முன்னால் ஓடும், உடல் பின்னால் சாயும். மல்லாந்து விழுவது இப்படித்தான். இடுப்பும் மணிக்கட்டும் பின்மண்டையும் அடிபடுவது இந்த விழுகையில். கால் எடுக்கும்போது முன்பாதம் பின்பக்கமாக வழுக்கினால் பெரும்பாலும் ஒரு தடுமாற்றத்தோடு போய்விடும், ஏனென்றால் அதற்குள் அடுத்த கால் கீழே வந்திருக்கும். ஆகவே நடைக்கு வாங்குகிறவர்கள் குதிகாலில் எத்தனை ஆணி என்று எண்ணிவிட்டு அப்புறம் மற்றதைப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு வாங்குவதானால் இதில் சமரசமே வேண்டாம்.

பெரியவர்கள் என்றதும் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், அடிக்கடி விழுந்த அனுபவமுள்ள 65 வயதுக்கு மேற்பட்ட 109 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2005-ல் வெளியானது. ஒரு சாரார் வழக்கமான காலணியோடு நடந்தார்கள், மற்றவர்கள் அதன்மேல் சுருள்கம்பி க்ளீட் மாட்டிக்கொண்டார்கள். மாட்டியவர்கள் வெளியில் விழுந்தது மற்றவர்கள் விழுந்ததில் பாதிக்கும் குறைவு. நான் மேலே இவ்வளவு குறை சொன்ன அதே சுருள்கம்பி வகைதான்! நிதானமாக நடப்பவருக்கு, பெரும்பாலும் மிதிபட்ட பனியுள்ள பாதையில், அது போதுமானதாகவே இருக்கிறது.

ஓடுபவர்கள் குதிகாலில் சறுக்கினால் க்ளீட்டை விட்டுவிட்டுக் காலடியைப் பாருங்கள். எட்டி எட்டி வைக்கிறீர்கள். அடியைச் சுருக்கி, பாதம் உடலுக்கு நேர்கீழே விழுமாறு ஓடினால் பாதிப் பிரச்சினை போய்விடும். வேகம் குறையத்தான் செய்யும். ஐஸில் நேரம் பார்த்து ஓடுவதே வேண்டாத வேலை.

வெறும் சாலையில் டக்டக்கென்று அடிக்கிறது, கணுக்கால் ஆடுகிறது

சங்கிலி முள்ளோடு தார்ச்சாலைக்கு வந்துவிட்டீர்கள். முட்கள் தரையில் இறங்காததால் நீங்கள் முனைகளின் மேல் நிற்கிறீர்கள், சின்னப் பொய்க்கால்போல. பாதம் பக்கவாட்டில் மடங்க இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை. போதாக்குறைக்கு முனையும் தேயும்.

மலைப்பாதை, காட்டுப்பாதை, உறைந்த ஏரிக்கரை என்று தொடர்ச்சியாக ஐஸும் பனியும் இருக்கிற இடத்துக்குத்தான் சங்கிலி முள். நூறு மீட்டர் காய்ந்த சாலை, பத்து மீட்டர் ஐஸ், மறுபடி காய்ந்த சாலை என்று மாறி மாறி வரும் ஊர்ப்பாதைக்குக் குட்டை ஆணி. அதை மாட்டிக்கொண்டு தாரிலும் ஓடலாம். சத்தம் வரும், பழகிவிடும். கண்ணுக்குத் தெரியாமல் தார்நிறத்திலேயே கிடக்கும் மெல்லிய ஐஸுக்கும் இதுவே ஏற்றது. பாலங்கள் மேலும் வெயில் படாத சுவரோரங்களிலும் அது முதலில் உருவாகும். அங்கே வந்தபிறகு குனிந்து மாட்டிக்கொண்டிருக்க முடியாது.

ஒரே பாதையில் தினமும் ஓடுகிறீர்கள், பழைய ஷூ ஒன்று சும்மா கிடக்கிறது என்றால் இன்னொரு வழி: தகரத்தில் முடுக்கும் அறுகோணத் தலைத் திருகாணிகளை அடிரப்பரில் நேரடியாக முடுக்கிவிடுவது. முக்கால் அங்குலம் வேண்டாம், ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் போதும். ரப்பரின் தடித்த பற்களில் மட்டும், ஓரங்களை ஒட்டி, ஒரு ஷூவுக்குப் பன்னிரண்டு பதினைந்து. திருகாணித் தலையின் விளிம்புதான் ஐஸைக் கடிக்கும். கழன்று வராது, நகராது, எடையும் சொற்பம். காற்றுப்பை உள்ள ஷூவிலோ உள்ளே கார்பன் தகடு உள்ள ஷூவிலோ இந்த வேலையைச் செய்துவிடாதீர்கள். முடுக்கியபின் உள்ளே கையைவிட்டு முனை எங்காவது குத்துகிறதா என்று தடவிப் பார்க்கவும். அந்த ஷூ இனி வாசலோடு சரி, வீட்டுத் தரைக்கு வரக் கூடாது.

நகர்கிறது, கழன்றுபோகிறது

கழலும் இடத்தைக் கவனியுங்கள்.

ஓடும்போது குதிகால் பட்டை இறங்கிவிடுகிறது என்றால் அளவு பெரிது. உறையில் போட்டிருக்கும் அளவு சாதாரண ஷூவை வைத்துப் போட்டது. மெலிந்த ஓட்ட ஷூவுக்கு ஒரு அளவு குறைத்தும், தடித்த பூட்ஸுக்கு ஒரு அளவு கூட்டியும் எடுக்க வேண்டி வரலாம். இரண்டு அளவுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் ஓட்டத்துக்குச் சின்னது, பூட்ஸுக்குப் பெரியது. மெத்தென்று அடிப்பாகம் அகலமாக வரும் இப்போதைய ஓட்ட ஷூக்கள் இந்தக் கணக்கையே குழப்புகின்றன, அதனால் அந்த ஷூவையே எடுத்துப்போய் மாட்டிப் பார்ப்பது நல்லது.

இறக்கத்தில் ஷூவின் மூக்கு முன்பக்கமாக ரப்பரை விட்டு வெளியே வருகிறதா? முன்பட்டை மெலிந்த ரகம் அது. பாதத்தின் மேல் குறுக்கே ஒரு வெல்க்ரோ பட்டை போட்டால் பெரும்பாலும் அடங்கும். சில ஜோடிகளில் கூடவே வரும், இல்லாவிட்டால் தனியாகவும் கிடைக்கும்.

பக்கவாட்டில் சுழன்று ஆணிகள் ஷூவின் ஓரத்துக்கு ஏறிவிட்டால் மாட்டிய விதத்தில் பிழை. முதலில் முன்பாதத்தை நுழைத்து, குதிகால் பட்டையை மேலே இழுத்து, பிறகு இருபக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும். ஐந்து நிமிடம் நடந்தபின் ஒருமுறை நின்று பாருங்கள். முதல் ஐந்து நிமிடத்தில்தான் அது தன் இடத்தைத் தேடிக்கொள்ளும். அப்படியும் சுழன்றுகொண்டே இருந்தால் இடது வலதோ முன் பின்னோ மாறியிருக்கலாம். சிரிக்காதீர்கள், முன் பின் மாற்றி மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் ஓடியவனை எனக்கு நன்றாகத் தெரியும், கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

மாட்டவே முடியவில்லை, ரப்பர் இழுபடவில்லை

வாசலிலோ காரின் டிக்கியிலோ இரவெல்லாம் கிடந்திருக்கும். குளிரில் ரப்பர் விறைத்துவிடும். வீட்டுக்குள் வைத்திருந்து, உட்கார்ந்துகொண்டு மாட்டுங்கள். பாதி வழியில் மாட்டவேண்டியிருந்தால் கோட்டின் உள்பையில் வைத்து எடுத்துப் போகலாம், முனைகளுக்கு ஓர் உறை போட்டு. விரல் வலுக் குறைந்தவர்களுக்குக் குதிகால் பக்கம் இழுப்பதற்கென்று பெரிய காது வைத்த ரகம் இருக்கிறது.

கால்விரல் மரத்துப்போகிறது

குளிர் என்று நினைத்து இன்னொரு சாக்ஸ் போடுவோம். மரப்பு அதிகமாகும். ஏனென்றால் பல சமயம் காரணம் இறுக்கம்தான். க்ளீட்டின் முன்பட்டை ஷூவின் மேல்துணியை அமுக்குகிறது, அது விரல்களை அமுக்குகிறது, ரத்தம் போவது குறைகிறது. ஓட்ட ஷூவின் மேல்பாகம் மெல்லிய வலைத்துணி என்பதால் இது சகஜம். க்ளீட்டை ஒரு அளவு பெரிதாக்குங்கள், அல்லது முன்னால் கொஞ்சம் விறைப்பான மூக்குள்ள ஷூவுக்கு மாறுங்கள். லேஸைத் தளர்த்திப் பார்ப்பது செலவில்லாத முதல் முயற்சி. கழற்றிய பிறகும் உணர்ச்சி திரும்பவில்லை, விரல் வெளுத்தே இருக்கிறது என்றால் அது க்ளீட் விவகாரம் அல்ல, உள்ளே போய்ச் சூடுபடுத்திக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.

பாதத்தின் அடியில் கல் மாதிரி உறுத்துகிறது

மெத்தென்ற அடியுள்ள ஷூவும் தனித்தனியாக நிற்கும் ஆணியும் சேர்ந்தால் இப்படித்தான். ஆணி கீழேயிருந்து தள்ள, மெத்தை வளைந்து கொடுக்கிறது. ஆணிகளுக்குப் பின்னால் அகலமான தகடு உள்ள க்ளீட் அழுத்தத்தைப் பரப்பிவிடும். அல்லது அடிப்பாகம் கெட்டியான மலைப்பாதை ஷூவை அதற்குள் போடுங்கள்.

அடியில் பனி உருண்டை கட்டுகிறது

0 டிகிரியை ஒட்டிய ஈரப்பனியில் சங்கிலி முள் அணிந்தவர்களுக்கு இது தவிர்க்க முடியாத தொல்லை. சங்கிலிக்கும் ஷூவுக்கும் நடுவே பனி அடைந்து, மிதிக்க மிதிக்கக் கட்டியாகி, முட்களையே மூடிவிடும். குதிகால் செருப்புப் போட்டதுபோல் உயரமாகிவிடுவதைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். காலை ஒரு மரத்திலோ கல்லிலோ தட்டி உதிர்க்க வேண்டியதுதான். கிளம்புமுன் சிலிக்கான் ஸ்ப்ரே அடித்துவிட்டால் கொஞ்ச நேரம் தள்ளிப்போகும். முட்களுக்கு நடுவே வழவழப்பான பிளாஸ்டிக் தகடு வைத்த ரகத்தில் ஒட்டுவது குறைவு. குட்டை ஆணியில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. ஈரப்பனியே அதிகம் விழும் பகுதிக்கு நான் சங்கிலியைப் பரிந்துரைக்கத் தயங்குவது இதனால்தான்.

ஓடினால் கெண்டைக்கால் சீக்கிரம் களைத்துவிடுகிறது

எடை. குட்டை ஆணி ஜோடி 250 கிராமுக்கு உள்ளேயே அடங்கிவிடும், சங்கிலி முள் ஜோடி 350 கிராம், சிலது அதற்கும் மேல். காலின் நுனியில் கூடும் எடை முதுகில் சுமக்கும் எடையைப்போல் அல்ல, ஒவ்வொரு அடியிலும் அதை வீசித் தூக்க வேண்டும். தவிர, வழுக்குமோ என்ற பயத்தில் நாமே தசையை இறுக்கிக்கொள்கிறோம். முதல் சில நாள் வழக்கமான தூரத்தில் பாதி ஓடுங்கள். மூன்று வாரமாகியும் வலித்தால் இலகுவான ரகத்துக்கு மாறுங்கள்.

கடைக்குள் நுழைந்ததும் வழுக்கியது

வழவழ டைல்ஸில் ஆணி கடிக்க எதுவுமில்லை. க்ளீட் மாட்டிய கால் அங்கே ஸ்கேட்டிங் ஷூதான். வாசலிலேயே கழற்றுங்கள். கிரானைட் படிக்கட்டு, உலோகச் சரிவு, ரயில்நிலைய நடைமேடை எல்லாம் இதே கணக்கு. கார் ஓட்டும்போதும் வேண்டாம், பெடலில் சிக்கும். அடிக்கடி உள்ளே வெளியே போகிறவர்கள், ஆணியை மேல்பக்கமாக மடித்துவிடும் ரகம் ஒன்று இருக்கிறது, அதைத் தேடுங்கள்.

ஒரே பருவத்தில் அறுந்துவிட்டது, துருப்பிடித்துவிட்டது

துருவுக்குக் காரணம் சாலையில் தூவும் உப்பு. வீடு வந்ததும் தண்ணீரில் அலசி, காற்றாட உலர்த்திவிட்டுப் பையில் வையுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் துருப்பிடிக்காத எஃகுகூடப் புள்ளி புள்ளியாகிவிடும். ஹீட்டர் மேல் போட்டுக் காயவைக்காதீர்கள், ரப்பர் வெடித்துவிடும். வெயிலும் அதற்கு ஆகாது.

சுருள்கம்பி வகை தாரில் தேய்ந்து ஓரிடத்தில் அறும். அறுந்த நுனி எதிர்க்காலைக் கிழிக்கும், அதனால் ஒட்டுப்போட்டு ஓட்டாமல் எறிந்துவிடுங்கள். சங்கிலி வகையில் முதலில் போவது சங்கிலி அல்ல, சங்கிலியின் வளையம் ரப்பரில் நுழையும் அந்தத் துளைகள்தான். ஒவ்வொரு துளையையும் லேசாக இழுத்து விரித்துப் பாருங்கள். ஓரத்தில் மயிரிழைபோல் ஒரு கீறல் தெரிந்தால் அடுத்த நீண்ட நடையில் அது அறுந்துவிடும். நான் பையில் நாலு பிளாஸ்டிக் கட்டுப்பட்டை எப்போதும் வைத்திருப்பேன். துளை கிழிந்தால் சங்கிலியைப் பட்டையோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டு வீடுவரை வரலாம். இரண்டு முறை வந்திருக்கிறேன்.